‘ரூபா ஏறிடுச்சு’ என்று நான் சொன்ன நாள்

ஒரே சொல்லுக்கு நேர் எதிரான இரண்டு பொருள் இருக்க முடியும் என்பது எனக்கு உறைத்தது ஒரு மாங்கூழ் ஆலையின் வாசலில், சித்தூர் நெடுஞ்சாலையில், மதியம் பன்னிரண்டரை மணி வெயிலில். ஐந்தாறு டிராக்டர் நிற்கும் என்று எண்ணிக்கொண்டு போனேன். வரிசையின் வால் பெட்ரோல் பங்க் தாண்டி வளைவுக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. எடைமேடைக்கு மேலே இருக்கும் பலகையில், அன்று காலை கிலோ மாம்பழம் ஏழு ரூபாய் என்று எழுதப்பட்டிருக்க வேண்டிய இடத்தில், ஒன்பது என்று இருந்தது. சாக்பீஸால் பெரிதாக எழுதி, அடியில் இரண்டு கோடு வேறு.

கொள்முதல் பார்க்கும் ரெட்டெப்பா அண்ணன் என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கினார்.

“நீ சொன்ன மாதிரியே ஏத்திட்டேன்மா. பாத்தியா கூட்டத்தை? கங்கம்மா ஜாத்திரை!”

“ஏத்திட்டீங்களா?”

“ரூபா ஏறிடுச்சுன்னு நீதானே சொன்னே?”

எனக்கு இப்போது முப்பத்தொரு வயது. நான் ஓய்வு பெற்றவள். சிரிக்காதீர்கள், தாளில் அப்படித்தான் இருக்கிறது. ஆலையை மூடியபோது எங்கள் எல்லோரிடமும் ஒரே படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அதன் தலையில் ‘விருப்ப ஓய்வு’ என்று அச்சடித்திருந்தது. ஐம்பத்தெட்டு வயது பாய்லர்காரருக்கும் எனக்கும் ஒரே விருப்பம். திருப்பதியில் நான் எம்.பி.ஏ. படித்த கல்லூரியில், எல்லைப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து இந்தச் சின்னப் பத்திரிகையை நடத்துகிறார்கள். “அக்கா, எக்ஸ்போர்ட்ல ஏழு வருஷம் இருந்தீங்களே, ரூபா ஸ்ட்ராங் ஆனா என்ன ஆகும்னு எங்களுக்குப் பாடத்துல வருது, எழுதுங்களேன்” என்று போன் செய்தார்கள். பாடத்தில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். இறக்குமதி மலிவாகும், ஏற்றுமதி சுருங்கும், இரண்டு மார்க். அதில் வராததை எழுதுகிறேன்.

என் பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சொந்த ஊர் பிச்சாட்டூர். வேலையில் சேர்ந்த முதல் வருஷம் டிரம்களின் மேல் சீட்டு ஒட்டினேன். இரண்டாம் வருஷம் கப்பல் தாள்கள். மூன்றாம் வருஷம் ஏற்றுமதி மேலாளர் வரதன் சாரின் எதிர் மேசைக்கு வந்தேன். கை வேகம், வாய் அதைவிட வேகம் என்று பெயர் வாங்கினேன். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

வரதன் சார் திருப்பதிக்காரர். அவர் அப்பாவும் அண்ணனும் மலைமேல் கோயில் கைங்கரியத்தில் இருந்தவர்கள். இவர் மட்டும் மாம்பழத்துக்கு வந்துவிட்டார். தினமும் காலை ஒன்பதேகாலுக்கு வங்கிக்குப் போன் போடுவார். டாலர் ரேட்டைக் கேட்பார், இன்னொரு தடவை கேட்பார், பிறகு எழுந்துபோய் எங்கள் அறையின் வெள்ளைப் பலகையில் எழுதுவார். நேற்றைய எண்ணை அழிக்க மாட்டார். அதன் பக்கத்தில்தான் இன்றைய எண். பிறகு திரும்பி நின்று, நான் ஒருத்தி மட்டும் இருந்தாலும் சபையில் சொல்வதுபோல முழு வாக்கியமாகச் சொல்வார்: “ஒரு டாலர் வந்தா, நேத்தைக்கு நம்ம கைக்கு வந்ததைவிட இன்னிக்குப் பன்னண்டு பைசா கம்மியா வரும்.” சொன்ன பிறகுதான் நேற்றைய எண்ணைத் துடைப்பார்.

ஏறியது, இறங்கியது என்று அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. எனக்கு அது பொறுமையைச் சோதிக்கும். ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

“சார், ரூபா ஏறிச்சுன்னா ரெண்டே வார்த்தைல முடிஞ்சுடுமே?”

“முடிஞ்சுடும்மா” என்றார். “அதான் பயமா இருக்கு.”

அவர் பயந்தது இதற்குத்தான். எங்கள் ஆலையில் பலகையில் எழுதியிருக்கும் எண்ணுக்குப் பெயரே ரூபா. எண்பத்தாறு எண்பத்தேழானால், “ரூபா ஏறிச்சு” என்பார்கள். டாலருக்கு அதிக ரூபாய் வரும், சரக்கை வெளியே அனுப்பும் எங்களுக்குக் கொண்டாட்டம், கேன்டீனில் டீ மாஸ்டர்கூடச் சிரித்த முகமாக இருப்பார். புத்தகத்திலும் டி.வி.யிலும் தலைகீழ். எண்பத்தேழு எண்பத்தாறானால்தான் அங்கே ரூபாய் ஏறுகிறது, பலமாகிறது. தெலுங்கிலும் இதே கதை. ‘ரூபாயி பெரிகிந்தி’, அதாவது ரூபாய் கூடிவிட்டது என்றால் கேட்கிறவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்துப் பொருள். எனக்கு இரண்டும் தெரியும். கடைக்காரரிடம் தெலுங்கும் வீட்டில் தமிழும் பேசுவதுபோல, யோசிக்காமலே மாறிக்கொள்வேன். எப்போது எதற்கு மாறினேன் என்பதை ஒருநாளும் கவனித்ததில்லை.

ரேட்டு மாறினால் பழத்துக்கு என்ன என்று கேட்பீர்கள். வெளிநாட்டுக்காரரிடம் டன்னுக்கு இத்தனை டாலர் என்று மார்ச்சில் பேசி முடித்துவிடுவோம். பழம் வருவது ஜூனில். நடுவில் ரூபாய் பலமானால், அதே டாலருக்குக் குறைந்த ரூபாய்தான் கைக்கு வரும். டிரம், பை, டீசல், கரண்ட், துறைமுகக் கூலி எதையும் குறைக்க முடியாது. குறைக்க முடிந்தது ஒன்றே ஒன்று, வாசலில் பெங்களூரா என்கிற கிளிமூக்கு மாம்பழத்துக்குக் கொடுக்கும் விலை. உலகத்தில் எங்கோ நடக்கும் பணப் புரளல் முழுக்க உருண்டு வந்து கடைசியில் ஒரு டிராக்டர் மேல் இறங்கும். வங்கியில் முன்கூட்டியே ரேட்டை உறுதி செய்துகொள்ள வழி இல்லையா என்று கெட்டிக்கார ஜூனியர் யாராவது கேட்பார். உண்டு. பாதிச் சரக்குக்குத்தான் செய்திருந்தோம். டாலர் எண் வருஷா வருஷம் கூடித்தான் முதலாளிக்குப் பழக்கம், குறையும் என்று அவர் எண்ணவே இல்லை.

வாசல் விலையை மாற்ற ஒரு முறை இருந்தது. வரதன் சார் ஒரு சீட்டில் தெலுங்கில் இரண்டு வரி எழுதுவார். நேற்று இவ்வளவு, இன்று இவ்வளவு. கீழே கையெழுத்து. ஆள் அதை எடுத்துக்கொண்டு எடைமேடைக்கு நடந்து போவார். ரெட்டெப்பா அண்ணன் படித்து, பின்பக்கம் கையெழுத்திட்டு, அப்புறம்தான் பலகையைத் தொடுவார். மொத்தம் கால்மணி நேரம்.

அந்த சீசனில் எண் மே மாதத்திலிருந்தே தினம் கொஞ்சமாகக் கீழே போய்க்கொண்டிருந்தது. ஊரிலிருந்து முனிரத்தினம் மாமா ஒருமுறை போன் செய்தார். மாமா என்றால் சொந்தம் இல்லை, ஒரே தெரு. பிச்சாட்டூர் அணை ஓரம் எண்பது மாமரம் வைத்திருப்பவர்.

“எம்மா, போன வருசமே பறிப்புக் கூலிக்குக் கட்டுப்படியாவலை. இந்த வருசமும் பழம் ஒழுங்கா போவலைன்னா மிஷின் வெச்சு அறுத்துட்டுத் தைல மரம் நட்டுட்டுப் போய்க்கினே இருப்பேன். அதுக்குத் தண்ணியும் வாணாம், உன் டாலரும் வாணாம்.”

“அப்படியெல்லாம் பண்ணாதீங்க மாமா, நான் பாத்துக்கறேன்” என்றேன். எதைப் பார்த்துக்கொள்வேன் என்று நினைத்தேனோ.

அந்த நாள், வரதன் சார் மலைக்குப் போயிருந்தார். பேரனுக்கு முதல் முடி. தாத்தாவும் மொட்டை போடுவதாக வேண்டுதல். கையெழுத்திட்ட சீட்டு ஒன்றை என்னிடம் கொடுத்து, எண் எந்த இடத்துக்குக் கீழே போனால் வாசல் விலையை எட்டிலிருந்து ஏழாக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். “சீட்டுல எழுதி அனுப்பு. போன்ல சொல்லாதே. எனக்குத் தரிசனம் முடியறவரைக்கும் போன் கிடையாது, கவுண்டர்ல கொடுத்துடணும்” என்றார்.

காலை ஒன்பதேகாலுக்கு நான் வங்கிக்குப் போன் போட்டேன். அவர் சொன்ன இடத்துக்கு வெகு கீழே போயிருந்தது எண். நான் உடனே மனக்கணக்குப் போட்டேன்: எடைமேடையில் நாலு நிமிஷத்துக்கு ஒரு வண்டி, சீட்டு போய்ச் சேருவதற்குள் நாலு வண்டி பழைய விலைக்கு உள்ளே வந்துவிடும். வங்கிக்காரர் அப்போதுதான் “ரூபாய் நல்லா ஏறியிருக்கு மேடம்” என்று சொல்லி வைத்திருந்தார். அந்தச் சொல் வாயிலேயே இருந்தது. போனை எடுத்தேன்.

“அண்ணா, ரூபா ஏறிடுச்சு. நல்லாவே ஏறிடுச்சு. பழத்து ரேட்டை உடனே ஒரு ரூபா மாத்துங்க.”

“அவுனா? நெசமாவா? சார் சொன்னாரா?”

“சார் மலைல இருக்காரு. நான் சொல்றேன். நேத்து ரேட்டுக்கு இனி ஒரு வண்டிகூட எடுக்காதீங்க, சீட்டு பின்னாடியே வருது.”

“நீ சொன்னாச் சரிம்மா. உன் வாய்க்குச் சக்கரை போடணும்.”

போனில் பின்னால் யாரோ விசில் அடித்தார்கள். விலை குறைந்ததற்கு யார் விசில் அடிப்பார்கள் என்று நான் யோசிக்கவில்லை. சீட்டை எழுதும்போது கப்பல் ஏஜென்ட் கூப்பிட்டார். சீட்டு மேசை மேலேயே இருந்தது.

பத்தரை மணிக்கு முனிரத்தினம் மாமா. கூழைச் சூடாக்கும் ஸ்டெரிலைசர் இரைச்சலில் பாதிதான் கேட்டது.

“எம்மா, உங்க ஃபேக்டரி போர்டை வாட்சப்புல போட்டுக்கிறாங்களே, அந்த ரேட்டு நெசமா?”

“நெசம்தான் மாமா. நான்தான் மாத்தச் சொன்னேன்.”

“நீ சொல்லித்தானா? நீ நல்லா இருக்கணும்மா. புள்ள குட்டியோட நல்லா இருக்கணும்.”

விலையைக் குறைத்ததற்கு ஆசீர்வாதமா என்று ஒரு கணம் உறுத்தியது. அடுத்த போன் அடித்தது, எடுத்துவிட்டேன். அந்த ஒரு கணத்தை நான் பல தடவை திரும்பப் போய்ப் பார்த்திருக்கிறேன். ‘எவ்வளவு போட்டிருக்கு மாமா?’ என்று ஒரு கேள்வி. கேட்டிருந்தால் போதும்.

அக்கம்பக்கத்து ஆலைகளெல்லாம் அன்று காலை ஏழுக்கு இறங்கியிருந்தன. எங்கள் பலகையில் ஒன்பது. தாமல்செருவிலிருந்தும் பங்காருபாளையத்திலிருந்தும் வண்டிகள் திரும்பி எங்களிடம் வந்தன. நான் வெளியே வந்து பார்த்தபோது இருந்த நிலைமை அதுதான்.

“அண்ணா, குறைஞ்சிடுச்சுன்னு அர்த்தம். ஏழாக்கணும்” என்றேன்.

ரெட்டெப்பா அண்ணன் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்று போனது. “ஏறிடுச்சுன்னா கொறைஞ்சிடுச்சா? எந்த ஊரு பாஷைம்மா இது?”

அவர் பலகையைத் துடைக்கக் கை ஓங்கியதும் வரிசையில் சத்தம் கிளம்பியது. ஒருவர் டிராக்டர் மேல் ஏறி நின்றுகொண்டு, “காலைல ஒரு ரேட்டு, மத்தியானம் ஒரு ரேட்டா? இன்னா பாப்பா, மதனப்பள்ளி தக்காளி மண்டின்னு நெனச்சிக்கினியா?” என்றார். இன்னொருவர் தெலுங்கில் சொன்னதை எழுத முடியாது.

நாலு மணிக்கு வரதன் சார் வந்தார். மொட்டைத் தலையில் சந்தனம், கையில் லட்டுப் பை. வாசலில் வண்டிகளைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நானும் அழுது முடித்திருப்பேன்.

“நீ போன்ல சொன்ன வாக்கியத்தை அப்படியே சொல்லு.”

“ரூபா ஏறிடுச்சு, ஒரு ரூபா மாத்துங்க.”

“யாருக்கு ஏறித்து?”

அவர் வெள்ளைப் பலகைக்குப் போனார். இரண்டு எண்ணும் அங்கே இருந்தன. நேற்றையதை நானும் துடைக்காமல்தான் விட்டிருந்தேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். சந்தனம் வியர்வையில் கரைந்து காதுப் பக்கம் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

முதலாளி போனில் முடிவு சொன்னார். அதற்குள் வரிசையில் நின்று டோக்கன் வாங்கியவர்களுக்கு ஒன்பது. மற்றவர்களுக்கு ஏழு. ஒன்பதுக்கு வாங்கியதை அரைத்து முடிக்கும்வரை வாசல் மூடப்படும்.

அந்தக் களேபரத்தில் முனிரத்தினம் மாமாவைத் திரும்பக் கூப்பிட எனக்குத் தோன்றவே இல்லை. அவர் லாரி மறுநாள் விடிந்து ஏழு மணிக்கு வந்தது. வழக்கமாக மூன்று பறிப்பாகப் பறிப்பவர், ஒன்பது என்றதும் ஒரே நாளில் ஆள் வைத்துத் தோட்டம் முழுக்க இறக்கிவிட்டார். முற்றாததும் அதில் உண்டு. டோக்கன் கிடையாது. திரும்பிப் போனால் வாடகை. இங்கே நின்றாலும் வாடகை. நின்றார்.

இரண்டாம் நாள் நான் தண்ணீர் பாட்டிலோடு போனேன். லாரி நிழலில் துண்டு விரித்து உட்கார்ந்திருந்தார். காம்புப் பால் வடிந்து பழங்களின் தோல் கறுத்திருந்தது. ஈ மொய்த்தது. நடந்ததைச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் போனைத் திருப்பிக் காட்டினார். ஏதோ செய்தி சேனல் ஓடிக்கொண்டிருந்தது.

“இதோ சொல்லிக்கினு கீறான் பாரு, ரூபா பலமாயிடுச்சாம். அந்த ரூபா யாருதும்மா? நம்மளுதுதானே?”

“ஆமா மாமா.”

“நம்மளுது பலமாச்சுன்னா நான் எப்படிம்மா ரோட்டுல குந்திக்கினு கீறேன்?”

நான் சொன்னேன். வெளிநாட்டுக்காரன் டாலரில் கொடுக்கிறான், நாம் ரூபாயில் செலவு செய்கிறோம் என்று ஆரம்பித்து, கையில் இரண்டு மாம்பழத்தை வைத்துக்கொண்டு, வகுப்பில்கூட இவ்வளவு தெளிவாக நான் விளக்கியதில்லை. அவர் முழுக்கக் கேட்டார்.

“புரியுதும்மா. நல்லாப் புரியற மாதிரி சொன்னே. அன்னிக்குப் போன்ல இப்படிச் சொல்லிக்கக் கூடாதா?”

மூன்றாம் நாள் தரம் பார்ப்பவர் வந்து நடு அடுக்கிலிருந்து ஒரு பழத்தை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போனது. தலையை ஆட்டிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். மாமா டிரைவரைப் பார்த்து, “தார்ப்பாயைக் கட்டுப்பா” என்றார். புத்தூர் தாண்டி ஒரு பள்ளத்தில் கொட்டிவிட்டுப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

நான் சரியாகச் சொல்லியிருந்தால்? மாமா ஏழு ரூபாய் என்று கேட்டு, திட்டிவிட்டு, மூன்று பறிப்பாகப் பறித்திருப்பார். முதல் பறிப்பாவது புத்தூர் வியாபாரியிடம் போயிருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். பெரிய வித்தியாசம்தான், அவருக்கு. ஆனால் ஆலையை என் சொல் மூடவில்லை என்று வரதன் சார் சொன்னதை நம்ப எனக்கு வெகு காலம் ஆயிற்று. அடுத்த மார்ச்சில் எங்கள் பழைய வாடிக்கையாளர் விலை கேட்டுவிட்டுப் பதிலே போடவில்லை. வேறொரு நாட்டின் நாணயம் விழுந்து கிடந்தது. அவர்கள் கூழ் டாலரில் எங்களைவிட மலிவு. சரி, உள்நாட்டில் விற்போம் என்று ஒரு ஜூஸ் கம்பெனிக்குப் போனால், “இறக்குமதிச் சரக்கே இப்போ உங்களைவிடக் கம்மியா வருதே சார்” என்றார்கள். பலமான ரூபாய் வெளிவாசலையும் அடைத்தது, உள்வாசலையும் அடைத்தது. பாடத்தில் இவை இரண்டு தனி வரிகள். எங்களுக்கு ஒரே மாதத்தில் நடந்தது.

அந்த வருஷம் பாய்லர் பற்றவைக்கவே இல்லை. படிவம் வந்தது. வரதன் சார் கையெழுத்திடும் முன் ‘விருப்ப’ என்ற சொல்லின் கீழ் பேனாவை வைத்து, “இதையும் யாரோ அவசரத்துல எழுதியிருக்கா” என்றார். ரெட்டெப்பா அண்ணன் வேலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு டிராவல்ஸில் டிக்கெட் போடுகிறார். போனவாரம் பார்த்தேன். “ஏம்மா, ரூபா எப்படி இருக்கு?” என்று கேட்டுவிட்டு, அவரே, “வேணாம், சொல்லாதே” என்றார்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், நாங்கள் கையெழுத்திட்ட சில மாதங்களில் எண் மறுபடி மேலே போய்விட்டது. இப்போது ஏற்றுமதிக்கு நல்ல காலம் என்கிறார்கள். எங்கள் ஸ்டெரிலைசரைப் பிரித்து யாரோ வாங்கிப் போய்விட்டார்கள். மாமா தோட்டத்தில் நாற்பது மரம் போய்விட்டது. அந்த இடத்தில் தைலக் கன்று இடுப்புயரம் நிற்கிறது. மா காய்க்க எத்தனை வருஷம், வங்கி எண் மாற எத்தனை நிமிஷம் என்று நினைத்தால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. தேர்வுக்கு எழுதும்போது ‘நீண்ட காலத்தில் சமநிலை திரும்பும்’ என்று எழுதுங்கள், மார்க் கிடைக்கும்.

மீதி நாற்பது மரத்துக்கும் மாமா மிஷின்காரனிடம் பேசிவிட்டார் என்று தெரிந்ததும் ஊருக்குப் போனேன். ஒரு பலகை வாங்கி வைத்திருக்கிறேன் என்றேன். பிச்சாட்டூர் பஸ் நிறுத்தத்தில் மாட்டி, சீசன் முழுக்கத் தினமும் காலையில் டாலர் ரேட்டையும் நாலைந்து ஆலைகளின் வாசல் விலையையும் எழுதப்போகிறேன் என்றேன்.

“எழுதினா எவனாவது ரேட்டை ஏத்துவானா?” என்றார்.

“ஏத்த மாட்டான் மாமா.”

“அப்புறம் இன்னாத்துக்கு?”

“அன்னிக்குப் பறிக்கறதா வாணாமான்னு நீங்க முடிவு பண்ணலாம்.”

அவர் தோட்டத்துப் பக்கம் பார்த்தார். “மிஷின்காரன் வெள்ளிக்கெழம வரேன்னான்” என்றார். பிறகு போனைக் கையில் எடுத்துக்கொண்டு, “இந்த ஒரு பறிப்பு முடியட்டும்னு சொல்றேன். அதுக்கு மேல கேக்காதே” என்றார்.

ஒரு பறிப்பு. அதுவரைக்கும்தான் எனக்குத் தவணை. வரும் திங்கட்கிழமை ஒன்பதேகாலுக்கு வங்கிக்குப் போன் போடுவேன், இரண்டு தடவை கேட்பேன். பலகையில் தமிழிலும் தெலுங்கிலும் வாக்கியத்தை இப்போதே பெயிண்டில் எழுதி வைத்துவிட்டேன். சாக்பீஸுக்கு இரண்டு இடம் மட்டும் விட்டிருக்கிறேன், பைசாவுக்கு ஒன்று, கூடவா குறைவா என்பதற்கு ஒன்று: ‘ஒரு டாலர் வந்தால், நேற்று நம் கைக்கு வந்ததைவிட இன்று...... பைசா ...... வரும்.’